அழுத இடத்திலேயே சிரித்தோம்



போன இதழில் எலுமிச்சை ஊறுகாய் பூசணம் பிடிக்காமல் இருக்க என் அத்தை சொன்ன வழியை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு சகோதரி கடிதம் போட்டிருக்கிறார். ஊறுகாய் நன்றாக வந்ததாம். அதற்குக் கீழே நாலு வரி எழுதியிருக்கிறார்.

"உங்கள் பக்கத்தைப் படித்தால் எப்போதும் சிரித்த முகமாகவே தெரிகிறீர்கள். உங்களுக்குக் கஷ்டமே வந்ததில்லையா அக்கா? என் குழந்தை போய் எட்டு மாதம் ஆகிறது. நேற்று டிவியில் ஏதோ பார்த்து என்னையும் அறியாமல் சிரித்துவிட்டேன். உடனே பகீரென்றது. என் பிள்ளைக்குத் துரோகம் பண்ணிவிட்டேனோ என்று ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை."

அந்தக் கடிதத்தை மூன்று நாள் அரிசி டப்பா மேலேயே வைத்திருந்தேன். சமைக்கிறபோதெல்லாம் கண்ணில் பட்டது. இந்த முறை வடாம் போடுவது பற்றி எழுதுவதாக இருந்தேன். வடாம் எங்கே போகப் போகிறது? வெயில் இருக்கிறவரைக்கும் போடலாம். இந்தச் சகோதரிக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும்.

கஷ்டம் வந்தது அம்மா. இதுவரை இந்தப் பக்கத்தில் எழுதியதில்லை. இன்றைக்கு எழுதுகிறேன்.

எங்கள் ஊர் தாமல். காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் போகிற பெரிய ரோட்டில் பெரிய ஏரி ஒன்று வருமே, அந்த ஊர்தான். நாங்கள் நெசவுக் குடும்பம். முன் அறையில் குழித்தறி, பின்னால் சமையல், நடுவில் நாங்கள். என் வீட்டுக்காரர் தறியில் உட்கார்ந்து மிதிப்பார். கோர்வைப் புடவைக்கு ஒரு பக்கத்துக் கரை நாடாவைப் போட இன்னொருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அந்த இடம் என்னுடையது. அவர் உடல் நாடாவை விட, நான் கரை நாடாவை விட, நாள் முழுக்கப் பேச்சே வேண்டாம். நாடா போகிற சத்தமே பேச்சு.

2012 ஐப்பசி. அடைமழைக்கு முன்னால் ஓடு மாற்றிவிட வேண்டும் என்றார். பாவு மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் பட்டில் கறை நிற்கும், கூலியில் பிடிப்பார்கள். காலையில் டீ குடித்துவிட்டு ஏறினார். நான் உள்ளே ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டது. ஓடு விழுந்தது என்றுதான் நினைத்தேன்.

வெளியே ஓடினால் திண்ணை ஓரத்தில் மல்லாக்கக் கிடக்கிறார். கண் திறந்திருக்கிறது. "காலைத் தூக்கி வைம்மா, மரத்துப் போச்சு" என்றார். காலை நான் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். அவருக்குத் தெரியவில்லை.

தெருவே கூடிவிட்டது. பதற்றத்தில் ஒருவர் அக்குளில் கை கொடுக்க, ஒருவர் காலைப் பிடிக்க, மடக்கித் தூக்கி ஆட்டோவில் உட்கார வைத்தோம். அது எவ்வளவு பெரிய தப்பு என்று பிறகுதான் தெரிந்தது. நல்ல எண்ணத்தில் செய்ததுதான். நானும் சேர்ந்துதான் தூக்கினேன்.

ஆபரேஷன் ஆயிற்று. முதுகில் கம்பி வைத்தார்கள். உயிருக்குப் பயமில்லை என்றார்கள். பத்தாம் நாள் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இடுப்புக்குக் கீழே உணர்ச்சி திரும்புவது கஷ்டம். வேலூர் பாகாயத்துக்குக் கூட்டிப் போங்கள், இனிமேல் எப்படி வாழ்வது என்று அங்கே சொல்லித் தருவார்கள்" என்றார். பெரியவனுக்கு அப்போது ஒன்பது வயது, சின்னவளுக்கு ஐந்து. என் கழுத்தில் இருந்தது ஏற்கனவே அடகுக் கடைக்குப் போய்விட்டது.

நாங்கள் கிறிஸ்தவர்கள். அந்த நாட்களில் நான் ஆண்டவரிடம் பேசினேன் என்று சொல்ல மாட்டேன், சண்டை போட்டேன். தறிக்காரருக்குக் கையும் காலும்தானே சொத்து, வேறு எதையாவது எடுத்திருக்கக் கூடாதா என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போனால் எல்லாரும் எழுந்து பாடுவார்கள். என் வாய் திறக்காது. பாட்டுப் புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்பேன்.

ஆறுதல் சொல்ல வந்தவர்களில் சிலர், "ஆண்டவர் சோதிக்கிறார்" என்றார்கள். இன்னும் சிலர், "யார் செய்த பாவமோ" என்றார்கள். எதுவும் சொல்லாமல் வந்தவர்கள்தான் உதவினார்கள். பக்கத்து வீட்டு அக்கா பெருமாள் கோயிலில் அவர் பேருக்கு அர்ச்சனை செய்துவிட்டுத் துளசி கொண்டுவந்தாள். "நீ வேதக்காரி, உனக்குக் கொடுக்கலாமோ என்னமோ, எனக்குத் தெரிஞ்ச சாமிகிட்டதானே நான் கேட்க முடியும்" என்றாள். அன்பு என்று வாங்கிக்கொண்டேன். பிள்ளைகள் இரண்டும் அவள் வீட்டில்தான் சாப்பிட்டு, அவள் வீட்டில்தான் தூங்கின. அந்தக் கடனை நான் அடைக்கவே முடியாது.

கார்த்திகையில் பாகாயம் போனோம். அங்கே முதல் நாள் பார்த்ததை மறக்க மாட்டேன். வரிசையாகக் கட்டில். மரத்திலிருந்து விழுந்தவர், மோட்டார் சைக்கிளில் அடிபட்டவர், கிணறு வெட்டும்போது மண் சரிந்தவர். எல்லாருக்கும் எங்கள் கதைதான். ஆனால் அழுகைச் சத்தம் இல்லை. ஒரு பக்கம் இரண்டு பேர் சக்கர நாற்காலியில் பந்தயம் விட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. இதில் என்ன விளையாட்டு என்று.

அங்கே இருந்த ஒரு நர்ஸம்மா ஒரு நாள் இரவு என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். "இந்த இடத்தை யார் உண்டாக்கினாங்க, தெரியுமா?" தெரியாது என்றேன். சொன்னார்.

மேரி வர்கீஸ் என்று ஒரு டாக்டரம்மா. 1925-இல் கேரளத்தில் பிறந்தவர். வேலூரிலேயே படித்து டாக்டரானவர். 1954 ஜனவரியில் கூட வேலை செய்கிறவர்களோடு வண்டியில் வெளியே போனபோது விபத்து. முகத்தில் பெரிய காயம். முதுகுத் தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்ச்சியில்லை. வயது முப்பதுகூட ஆகவில்லை. அந்தக் காலத்தில் நம் நாட்டில் இப்படி ஆனவர்களுக்குப் படுக்கைதான் கதி.

அப்போது வேலூரில் பால் பிராண்ட் என்று ஒரு பெரிய டாக்டர் இருந்தார். தொழுநோயில் மடங்கிப் போன விரல்களை ஆபரேஷன் செய்து மறுபடி வேலை செய்ய வைத்தவர். கை ஆபரேஷனை உட்கார்ந்துகொண்டே செய்யலாம் அல்லவா? மேரி அம்மா அதைக் கற்றுக்கொண்டார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். 'நம்மைப் போலவே அடிபட்டவர் நமக்கு வைத்தியம் பார்க்கிறார்' என்று அந்த நோயாளிகளுக்கு எவ்வளவு தைரியம் வந்திருக்கும்!

பிறகு ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்துக்கும், அமெரிக்காவில் நியூயார்க்குக்கும் போனார். தன்னைப் போன்றவர்கள் மறுபடி வாழ வழி செய்யும் வைத்தியத்தைப் படித்துவிட்டுத் திரும்பினார். 1966-இல் பாகாயத்தில் இந்த மறுவாழ்வு நிலையம் திறந்தது. முதுகுத் தண்டு அடிபட்டவர்களைத் தங்க வைத்துப் பயிற்சி கொடுக்க நம் நாட்டில் வந்த முன்னோடி இடம் அது. 1972-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். 1986-இல் காலமானார். சாகிறவரை அந்த அம்மாவுக்குக் கால் திரும்பவில்லை.

"அவங்க கால் நல்லா இருந்திருந்தா இந்த இடம் வந்திருக்குமா, சொல்லுங்க" என்றார் நர்ஸம்மா. அவர் எழுந்து போன பிறகும் நான் உட்கார்ந்தே இருந்தேன்.

அந்த மருத்துவமனையின் தொடக்கமே ஒரு துக்க ராத்திரிதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஐடா ஸ்கடர் அப்போது சின்னப் பெண். திண்டிவனத்தில் மிஷன் டாக்டராக இருந்த தகப்பனாரிடம் அமெரிக்காவிலிருந்து வந்திருந்தார். ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள் வந்து, பிரசவ வேதனையில் இருக்கும் தங்கள் மனைவிக்கு உதவக் கூப்பிட்டார்கள். அவரோ டாக்டர் இல்லை. ஆண் டாக்டரை அனுப்ப அவர்கள் சம்மதிக்கவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள். அந்த மூன்று சாவைப் பார்த்த பிறகு, ஊருக்குத் திரும்பி டாக்டருக்குப் படித்தார். 1900-இல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு வைத்தியம் தொடங்கினார்.

அந்தச் சமயம் எனக்குத் தூக்கம் வராது. வார்டு வராந்தா விளக்கில் வேதப் புத்தகம் வைத்துக்கொண்டு உட்காருவேன். படிப்பேன் என்று சொல்ல முடியாது, புரட்டுவேன். ஒரு நாள் யோவான் சுவிசேஷம், பதினாறாம் அதிகாரம். சிலுவைக்குப் போவதற்கு முந்தின இரவு, இயேசு சீடர்களிடம் துக்கத்தைப் பற்றிப் பேசுகிறார். உவமைக்கு அவர் எடுத்துக்கொண்டது பிள்ளை பெறுகிற பெண்ணை! சின்ன வயதிலிருந்து எத்தனையோ தடவை கேட்ட பகுதி. அன்றைக்குத்தான் அது நமக்குச் சொன்னது என்று தோன்றியது.

பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும். வலி ஒரு இடத்தில், குழந்தை வேறொரு இடத்திலிருந்து என்று வருவதில்லை. எந்த உடம்பு வலித்ததோ அந்த உடம்பிலிருந்துதான் குழந்தை வருகிறது. நான் அதுவரை என்ன நினைத்திருந்தேன் என்றால், முதலில் இந்தத் துக்கம் போகட்டும், கால் திரும்பட்டும், அப்புறம் சந்தோஷம் வரட்டும் என்று. துக்கம் போகப் போவதில்லை. சந்தோஷம் வந்தால் இந்த நாற்காலியோடு, இந்தக் கட்டிலோடுதான் வர வேண்டும். அன்றைக்கு நான் ஜெபத்தை மாற்றினேன். "ஏன் எடுத்தீர்" என்று கேட்டுக்கொண்டிருந்தவள், "மிச்சம் இருப்பதை வைத்து என்ன செய்யட்டும், சொல்லும்" என்று கேட்டேன்.

ஆனால் மறுநாளே எல்லாம் விடிந்துவிடவில்லை. அப்படிச் சொன்னால் பொய்.

என் வீட்டுக்காரர் சக்கர நாற்காலி தள்ளப் பழகினார். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து தரைக்கு, தரையிலிருந்து மறுபடி மேலே எல்லாம் கை பலத்தில் பழக வேண்டும். நாடா விட்ட கை அல்லவா, சீக்கிரம் வந்துவிட்டது. ஒரு நாள் வேகமாக வந்து சுவரில் இடித்துக்கொண்டார். நான் பதறி ஓடினேன். அவர் சக்கரத்தைக் காட்டி, "தறிக்கு மிதி ரெண்டு, எனக்குச் சக்கரம் ரெண்டு. கணக்கு சரியாப் போச்சு பாரு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.

அப்புறம் நான் துணி துவைக்கிற இடத்துக்குப் போய் அழுதேன். புருஷன் கால் போய்க் கிடக்கிறான், நீ சிரிக்கிறாயே, நீ ஒரு பெண்ணா என்று என்னையே திட்டிக்கொண்டேன். கடிதம் எழுதிய சகோதரியே, நீங்கள் எழுதிய அந்தப் 'பகீர்' எனக்குத் தெரியும். அதே பகீர்தான்.

அங்கே பக்கத்தில் துவைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா விசாரித்தார். அவர் மகன் இருபது வயதுப் பையன், கழுத்தில் அடிபட்டவன். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "என் புள்ள இந்த மாசம் ஒரு தடவ சிரிச்சான். அந்த ஒண்ண வெச்சுக்கினுதான் நான் ஓட்டுறேன். உன் வூட்டுக்காரர் உன்னைச் சிரிக்க வெக்கணும்னு எவ்ளோ நாளா காத்துக்கினு இருந்தாரோ, நீ இன்னாடான்னா இங்க வந்து அழுவுற" என்றார். சோப்பு நுரைக் கையோடு என் கண்ணைத் துடைத்துவிட்டார். கண் எரிந்தது. மறுபடி சிரிப்பு வந்தது.

தை பிறந்து ஊருக்கு வந்தோம். வாசப்படிக்குச் சாய்வு மேடை கட்டினோம். கடன் தலைக்கு மேல். தறி மூன்று மாதமாகப் பூட்டிக் கிடந்தது. குழிக்குள் இறங்கி மிதிக்க ஆள் இல்லை. நான் மிதித்தால் என்ன என்று கேட்டேன். பதினான்கு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள்தானே. அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். "அப்போ கரை நாடா யார் போடுவா?" என்றார். "நீங்கதான்" என்றேன்.

இப்படித்தான் இடம் மாறினோம். மிதிக்கிற இடத்தில் நான். பக்கத்தில் பலகை மேல் கனமான பஞ்சு மெத்தை போட்டு அவர். முதல் ஒரு மாதம் எனக்கு இழை அறுந்துகொண்டே இருந்தது. விழுதில் நூல் எடுக்கத் தெரியாது, கரை ஏறி இறங்கும். அவர் பொறுமையாகச் சொல்லுவார். சில நாள் கத்துவார். நானும் கத்துவேன். ஒரே இடத்தில் உட்கார்ந்தால் புண் வந்துவிடும் என்று பாகாயத்தில் எச்சரித்து அனுப்பியிருந்தார்கள். அதனால் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். ஒவ்வொரு தார் தீரும்போதும் இரண்டு கையையும் ஊன்றி உடம்பை மேலே தூக்கிப் பிடிப்பார். மணி பார்க்க வேண்டாம், தாரே கடிகாரம்.

2013 கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் முன்னால் நாங்கள் இரண்டு பேருமாக நெய்த முதல் கோர்வைப் புடவையைத் தறியிலிருந்து அறுத்தோம். அரக்கில் பச்சைக் கரை. கரையில் இரண்டு இடத்தில் என் தப்பு தெரியும், அதற்குக் கூலியிலும் பிடித்தார்கள். போகட்டும். அந்த வருஷம் கிறிஸ்துமஸ் ஆராதனையில் எல்லாரும் பாட எழுந்தபோது, அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடி பாடினார். என் வாயும் திறந்தது.

அதற்குப் பிறகு கஷ்டம் வரவில்லையா? வந்தது. ஒரு தடவை கவனக் குறைவால் புண் வந்து ஐந்து மாதம் குப்புறப் படுத்தே கிடந்தார். அடிக்கடி சிறுநீரில் கிருமி வந்து காய்ச்சல் வரும். இன்றைக்கும் மழை வந்து ஓட்டில் சத்தம் கேட்டால் எனக்கு வயிறு கலங்கும். துக்கம் எங்கள் வீட்டை விட்டுப் போகவில்லை. ஆனால் அது உட்கார்ந்த இடத்திலேயே சந்தோஷமும் வந்து உட்கார்ந்துகொண்டது.

இந்தப் பக்கம் உங்களுக்கு உபயோகமாக இருக்க வேண்டும் அல்லவா? நான் அடிபட்டுக் கற்றுக்கொண்டதை எழுதிவிடுகிறேன். கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

உயரத்திலிருந்து விழுந்தவரையோ, ரோட்டில் அடிபட்டு முதுகு, கழுத்து வலி என்பவரையோ, கை கால் மரத்துவிட்டது என்பவரையோ மடக்கித் தூக்காதீர்கள். உட்கார வைக்காதீர்கள். கழுத்தும் முதுகும் அசையாமல் கிடந்த நிலையிலேயே வைத்து, 108-க்குப் போன் செய்யுங்கள். மூச்சு விடுகிறாரா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். அங்கேயே வேறு ஆபத்து இருந்து நகர்த்தியே ஆக வேண்டுமென்றால், பல பேர் சேர்ந்து தலை, கழுத்து, முதுகு ஒரே நேராக இருக்கும்படி கெட்டியான பலகையில் மாற்ற வேண்டும்.

படுக்கையில் இருப்பவரை இரண்டு மணிக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வையுங்கள். நாற்காலியில் இருப்பவர் கால் மணிக்கு ஒரு தடவையாவது உடம்பைத் தூக்கி இறக்க வேண்டும். இடுப்பு, பிட்டம், குதிகால் மூன்றையும் தினமும் பாருங்கள். அவரே பார்க்கச் சின்னக் கண்ணாடி ஒன்று கொடுங்கள். தோல் சிவந்து, அழுத்தம் எடுத்த பிறகும் நிறம் மாறாமல் இருந்தால் அந்தப் பக்கம் படுக்க விடாமல் உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

உணர்ச்சியில்லாத காலில் சுடு தண்ணீர் ஊற்றுமுன் உங்கள் முழங்கையை விட்டுப் பாருங்கள். சிறுநீர் கலங்கி வந்தாலோ, குளிர் காய்ச்சல் வந்தாலோ கை வைத்தியம் வேண்டாம், தாமதிக்காதீர்கள். மாற்றுத் திறனாளி அடையாள அட்டைக்கு மாவட்ட அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கக் கூச்சப்படாதீர்கள். அது பிச்சை இல்லை.

இனி, கடிதம் எழுதிய சகோதரிக்கு.

குழந்தையைப் பறிகொடுத்த உங்களிடம் பிரசவ உவமையைச் சொல்லலாமா என்று பேனாவை இரண்டு முறை கீழே வைத்துவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள். என் வீட்டுக்காரராவது என் கண் முன்னால் இருக்கிறார். உங்கள் துக்கம் என்னுடையதைவிடப் பெரியது. அதை நான் அளக்க மாட்டேன். என் விசுவாசத்தில் உள்ள ஒன்றை மட்டும் சொல்கிறேன், உங்களுக்கு வேறு விசுவாசம் இருந்தாலும் பரவாயில்லை. உயிர்த்தெழுந்த இயேசு தோமாவுக்குத் தம் கையைக் காட்டினார் என்று நாங்கள் படிக்கிறோம். அந்தக் கையில் ஆணிக் காயம் அப்படியே இருந்தது. சாவையே ஜெயித்தவர் அந்தத் தழும்பை அழித்துவிட்டு வந்திருக்கலாம். வரவில்லை. அப்படியென்றால் சந்தோஷப்படுவதற்குக் காயத்தை மறக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. காயத்தோடேயே சிரிக்கலாம். சிரித்ததால் காயம் பொய்யாகிவிடாது.

உங்கள் பிள்ளை உங்கள் முகத்தில் முதலில் பார்த்துப் பழகியது எது? உங்கள் சிரிப்பைத்தானே? அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். துரோகமில்லை. எட்டு மாதத்தில் வந்தாலும் சரி, எட்டு வருஷத்தில் வந்தாலும் சரி, வரும்போது கதவைச் சாத்தாதீர்கள். இன்னும் வரவில்லை என்றால் அழுங்கள், அதுவும் தப்பில்லை. ராத்திரியெல்லாம் தூக்கமில்லாமல் போனால் மட்டும் வீட்டில் ஒருவரிடம் சொல்லி டாக்டரைப் பாருங்கள். மனசுக்கும் மருந்து உண்டு, அதில் வெட்கமில்லை.

அவர் கூப்பிடுகிறார். தார் தீர்ந்துவிட்டதாம். எழுந்து போகிறேன். வடாம் அடுத்த இதழில்.